நாலாம் நம்பர் மிஷினில் கேட்ட கேள்வி

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு செருப்பு டப்பா இருக்கிறது. உள்ளே ரப்பர் பேண்டு போட்ட துண்டுச்சீட்டுகள். எல்லாம் என் கையெழுத்து. நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்குக் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தச் சீட்டுகளில் ஒன்பது மட்டும் என் அண்ணி தன் உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விகள். அண்ணிக்கு என்ன வியாதி என்று வீட்டில் தெரியவருவதற்குப் பத்து மாதம் முன்பே அது என் கையில் இருந்தது. நானே எழுதினேன், நானே நம்பர் போட்டேன், நானே கட்டி வைத்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பலமுறை படித்தேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது 1993இல். எங்கள் வீடு திண்டிவனத்தில், அவருடைய ஊர் கெடார் பக்கம். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வந்த ஒரே வாரத்தில் அவர் சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டினார். மருந்துக்கடையில் விற்கும் வெள்ளை பிளாஸ்திரியைக் கத்தரித்து, அதன்மேல் நீல பால்பாயிண்ட் பேனாவால் ‘கேப்பை மாவு’, ‘து. பருப்பு’, வேர்க்கடலைக்கு ‘மல்லாட்டை’ என்று எழுதினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷமாகத் தான் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற டப்பாவுக்கு ஒருத்தி வந்து பெயர் வைப்பதா என்ற எரிச்சல். ஆனால் பிளாஸ்திரி ஒட்டினால் ஒட்டியதுதான், லேசில் உரியாது. அம்மாவும் விட்டுவிட்டார்.

அந்த வரிசையில் ‘வெந்தயம்’ என்று ஒரு டப்பா இருந்தது. அதற்குள் வெந்தயம் இருக்காது. கமர்கட்டும் கிரீம் பிஸ்கட்டும் இருக்கும். ஒருநாள் தற்செயலாகத் திறந்த என்னிடம் அண்ணி விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

“வெந்தயம்னு எழுதிட்டா எவன் தொறப்பான், சொல்லு? நீ யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. உனக்கும் தர்றேன்.”

கடைசிவரை அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அவர் எழுதி ஒட்டுகிற பெயரை அப்படியே நம்பக் கூடாது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதை நினைக்கும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு அண்ணன் விழுப்புரத்துக்குக் குடிபோனான். 2005இல் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு மாடியைப் பிடித்து பிரவுசிங் சென்டர் வைத்தான். ஆறு மிஷின்கள், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, கவுண்டரில் மெயின் மிஷின் ஒன்று. மத்தியானம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது கவுண்டரில் அண்ணி உட்காருவார். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை பெரும்பாலும் கடை காலியாகத்தான் கிடக்கும். அவர்களுக்கு ஒரே பெண். அவள் பள்ளி விட்டு வரும்போது அண்ணி அவளோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 2008இல் நூலக அறிவியலில் பகுதிநேர எம்.ஃபில். சேர்ந்தேன். அப்போது இணையத்தில் குறிச்சொல் போடுவது புதுப் பழக்கமாக வந்திருந்தது. பிடித்த பக்கத்தையோ போட்டோவையோ சேமித்து, அதற்குக் கீழே இரண்டு மூன்று சொற்களை ஒட்டிவிட வேண்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் அங்கே வந்து சேர்வார்கள். யார் என்ன சொல்லை ஒட்டினார்கள் என்பது ஊருக்கே தெரியும். தேடுபெட்டி அப்படியல்ல. அதில் என்ன தட்டினோம் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஒரே விஷயத்தைத் தேடும்போது மக்கள் என்ன சொல்லைப் போடுகிறார்கள், பெயர் ஒட்டும்போது என்ன சொல்லைப் போடுகிறார்கள், இரண்டும் ஒன்றா, வேறா? இதுதான் என் ஆய்வு. தலைப்பு என்னவோ நாலு வரிக்கு இருந்தது.

குறிச்சொற்களுக்கு எங்கள் கல்லூரி மாணவிகளைப் பிடித்தேன். தேடுசொற்களுக்கு அண்ணனின் கடை. அவனுடைய நண்பர், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர், மெயின் மிஷினில் ஒரு சின்ன புரோகிராம் போட்டுக் கொடுத்தார். ஆறு மிஷின்களிலும் தேடுபெட்டியில் எது தட்டினாலும் அது ஒரு ஃபைலில் வரிவரியாக விழும். மிஷின் நம்பர், நேரம், தட்டிய சொற்கள், அவ்வளவுதான். வாடிக்கையாளர் பெயரெல்லாம் கவுண்டரில் ஒரு நோட்டில் இருந்தது. அந்த நோட்டைத் தொடவே கூடாது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆள் யாரென்று தெரிந்தால் நம் கண் மாறிவிடும் என்பார். எனக்கும் அது மிக நேர்மையான ஏற்பாடாகப் பட்டது. அவர்களிடம் கேட்காமலேயே எடுக்கிறோமே என்ற உறுத்தலை அதை வைத்துத்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் நான் பஸ் ஏறி விழுப்புரம் போவேன். அந்த வாரத்து ஃபைலை பென் டிரைவில் ஏற்றி எடுத்து வைத்திருப்பது அண்ணியின் வேலை. இதில் என்ன விழுகிறது என்று முதல் வாரமே கேட்டார். விளக்கினேன்.

“அப்ப இந்தக் கவுண்டர் மிஷின்ல நான் தேடுறதும் உனக்கு வந்துடுமா?”

“இது வராது அண்ணி. புரோகிராம் ஓடறதே இதுலதான், இத எடுக்காது. நீங்க நிம்மதியா பிளவுஸ் டிசைன் பாருங்க.”

அண்ணி சிரித்தார். அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்கே மறந்துபோனது.

2009 ஜனவரியிலிருந்து ஃபைல்கள் வர ஆரம்பித்தன. கடையிலேயே பிரிண்ட் எடுத்து, திரும்பும்போது பஸ்ஸிலேயே பிரித்துப் படிப்பேன். முதல் இரண்டு வாரம் வேடிக்கையாக இருந்தது. ரிசல்ட், ரயில் நேரம், நடிகைகளின் படம். மூன்றாவது வாரம் வேறு மாதிரி வரிகள் கண்ணில் பட ஆரம்பித்தன. மாணவிகள் மேல்மலையனூர் கோயில் போட்டோவுக்குக் ‘குடும்பம்’, ‘அருள்’, ‘மகிழ்ச்சி’ என்று குறிச்சொல் போட்டிருந்தார்கள். அமாவாசை வாரத்தில் கடையில் அதே ஊரைத் தேடியவர்கள் பஸ் நேரத்துக்கு அடுத்து ‘செய்வினை எப்படித் தெரியும்’ என்று கேட்டிருந்தார்கள். மாணவிகள் ‘திருமணம்’ என்று ஒட்டிய இடத்தில் கடையில் யாரோ ‘கணவன் அடித்தால் எங்கே சொல்வது’ என்று தட்டியிருந்தார்கள். ஜங்ஷன் ரோட்டில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எல்லோரும் பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். யார் எந்த வரியோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவேன். அதைவிட மோசம், அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு நல்ல ஆய்வு சிக்கிவிட்டது என்று தோன்றியது.

நாலாம் நம்பர் மிஷினின் வரிகள் பிப்ரவரியில் வந்தன. எல்லாமே மத்தியானம் ஒன்றே முக்காலுக்கும் இரண்டே காலுக்கும் நடுவில். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். ‘மார்பில் கட்டி’ என்று முதலில். இரண்டு நாள் கழித்து ‘மார்பில் கட்டி வலி இல்லை’. அடுத்த வாரம் ‘வலி இல்லாத கட்டி நல்லதா’. அதற்கடுத்து ‘கட்டி தானாகக் கரையுமா’. அந்த நாளில் அப்படித் தமிழில் தட்டினால் உருப்படியாக ஒரு பக்கமும் வராது. வேறு யாராக இருந்தாலும் இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இந்த ஆள் மட்டும் விடாமல், ஒன்றும் கிடைக்காத இடத்திலேயே வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் வருகிற யாரோ ஒரு பெண் என்று முடிவுகட்டினேன். பாவம் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றையும் அழகான கையெழுத்தில் சீட்டில் எழுதி, மாணவிகளின் குறிச்சொல் எதோடும் பொருந்தாத ‘இணைச்சொல் இல்லாதவை’ என்ற கட்டில் சேர்த்தேன்.

வழிகாட்டியிடம் கொண்டுபோனபோது அவர் ஒரு யோசனை சொன்னார். இந்த மாதிரித் தேடல்களைச் சிலரிடம் கொடுத்துக் குறிச்சொல் போடச் சொன்னால் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கலாமே என்றார். குறிச்சொல் போடும் தளத்தில் முன்னால் ஒட்டியவர்களின் சொல் கண்ணில் படும் அல்லவா, அதேபோல ஒரே சீட்டை எல்லோர் கைக்கும் சுற்றிவிட வேண்டும், ஒருவர் எழுதியதற்குக் கீழே அடுத்தவர் எழுத வேண்டும். எனக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அதைச் செய்தோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், அண்ணி ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி இருந்தார். கரெண்ட் கட் நேரம் என்பதால் கடையில் கூட்டமில்லை. மாடியில் ஒரு ஜன்னல்தான் உண்டு. அதற்குப் பக்கத்தில் நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தோம். நான் கூட்டிக்கொண்டு போன மாணவிகள் மூன்று பேர், அண்ணன், அண்ணி. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்தி அடங்கியது. வியர்த்துக் கொட்டியது. நான் ஒவ்வொரு சீட்டாகச் சத்தமாகப் படித்து முதல் மாணவியிடம் கொடுப்பேன். அது சுற்றி வந்து கடைசியில் அண்ணியிடம் போகும்.

இருபது சீட்டு போயிருக்கும். பிறகு ‘வலி இல்லாத கட்டி நல்லதா’ என்று படித்தேன். மாணவிகள் ‘மருத்துவம்’, ‘உடல்நலம்’, ‘பெண்கள்’ என்று எழுதினார்கள். அண்ணன் வாங்கி, எழுதிக்கொண்டே சொன்னான்.

“டாக்டர்கிட்ட போவாம இங்க வந்து தட்டிக்கினு இருந்தா? இன்னா ஜனமோ.”

அவன் ‘டாக்டர்’ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டு, சீட்டைத் தன் பெண்டாட்டியிடம் நீட்டினான். அண்ணி வாங்கிப் பார்த்தார். பேனாவைத் திறக்கவில்லை.

“இது யாரு கேட்டது பாப்பா?”

“யாரா இருந்தா நமக்கு என்ன அண்ணி. பேர் எனக்கு வேணாம். தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடும்.”

“ஒம்போது தபா கேட்டிருக்குதே. உனக்கு ஒண்ணியும் தோணலியா?”

“பாவம்தான். எழுதுங்க, கரெண்ட் வந்துடும்.”

அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். பிறகு சுவரில் வைத்து எழுதிக் கொடுத்தார். அண்ணன் எழுதிய ‘டாக்டரு’க்குக் கீழே ‘பொது அறிவு’ என்று இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். மாணவிகளுக்கும் காட்டினேன். கட்டி எப்படி அண்ணி பொது அறிவாகும் என்று கேட்டேன். அண்ணன், “அவளுக்கு எல்லாமே பொது அறிவுதான், ஜல்தி முடிங்க” என்றான். அண்ணியும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்த வகைச் சீட்டுகள் ஒன்பது என்று நான் அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான்கைத்தான் எடுத்துப் போயிருந்தேன், மற்றவை திண்டிவனத்தில் டப்பாவில் கிடந்தன. எண்ணிக்கை அண்ணிக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்கு இல்லை. கரெண்ட் வந்துவிட்டது, மிஷின்களைப் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நாலாம் நம்பரில் ஒரே ஒரு வரி வந்தது. ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த வாரம். ‘பத்தாவது படிக்கும் பெண் பிள்ளை ஹாஸ்டல்’. இது வேறு ஆள் என்று நினைத்துக் ‘கல்வி’ கட்டில் சேர்த்தேன். அந்தக் கட்டில் நிறைய இருந்ததால் அது அதற்குள் காணாமல் போனது.

நவம்பரில் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், தேடலுக்கும் குறிச்சொல்லுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஒரு நல்ல உதாரணம் கேட்டார். என்னிடம் தயாராக இருந்தது. கட்டிக்குப் ‘பொது அறிவு’ என்று குறிச்சொல் கிடைத்ததைச் சொன்னேன். அறையே சிரித்தது. தனியாக இருக்கும்போது பயப்படுகிற விஷயத்தை நாலு பேர் பார்க்கும்போது மனிதர்கள் இப்படித்தான் மூடிவைக்கிறார்கள் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். தேர்வாளர் அதைப் பாராட்டினார். நான் சொன்னது சரியாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே ஆள் இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு விழுப்புரம் போனேன். வருஷாவருஷம் ஸ்டூல் போட்டு ஏறி வாசலில் ஸ்டார் கட்டுவது அண்ணிதான், வேறு யாரையும் விடமாட்டார். அந்த வருஷம் பெண்ணைக் கட்டச் சொல்லிவிட்டுக் கீழே நின்றார். “நீங்க ஏறலையா அண்ணி?” என்றேன். இடது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் உயரத்துக்கு மேல் அது போகவில்லை. கை வீங்கியிருந்தது. பூசைக்குக் கட்டிய புதுப் புடவையின் முந்தானையை அந்தப் பக்கம் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன்.

பண்டிகை முடிந்த மறுநாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணன் டோக்கனுக்கு நின்றான், நான் அண்ணியோடு உள்ளே போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொள்ளாமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

“ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆவுதுங்க.”

“இவ்வளவு நாள் ஏம்மா வரல?”

“வலி இல்லீங்க. வலி இல்லாத கட்டி நல்லதோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

என் கையெழுத்து எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. டாக்டரம்மா அதற்குப் பிறகு சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து விழுப்புரத்தில் கடையைத் திறந்து, தொடவே கூடாது என்று இருந்த நோட்டை எடுத்தேன். பிப்ரவரிப் பக்கங்களை என் ஃபைலோடு வைத்துப் பார்த்தேன். நாலாம் நம்பரில் அந்த நேரங்களில் எந்தப் பெயரும் இல்லை. வாடிக்கையாளர் உட்கார்ந்தால் பெயர் எழுதாமல் இருக்க முடியாது, எழுத வைப்பதே அண்ணிதான். ஏதாவது ஒரு சனிக்கிழமை நோட்டைத் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அறுவை செய்யும் கட்டத்தை அது தாண்டிவிட்டிருந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. மார்ச், ஏப்ரலில் பெண் பத்தாவது பரீட்சை எழுதினாள். ரிசல்ட் வரும்வரை அண்ணி இருந்தார். மார்க்கைச் சொன்னபோது தலையாட்டினார். அதற்குப் பிறகு மூன்று வாரம்.

ஆய்வேடு எங்கள் கல்லூரி நூலகத்தில்தான் இருக்கிறது. அதற்கு வரிசை எண் போட்டு அலமாரியில் வைத்தவளும் நான்தான். பின்னிணைப்பில் அந்தச் சீட்டின் படம் இருக்கிறது, கீழே ‘தேடியவர்: தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறேன். இப்போது எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது, பிரவுசிங் சென்டர் எப்போதோ ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. என் மேஜைக்கு வந்து, சும்மா பொது அறிவுக்கு என்று சொல்லி யாராவது வைத்தியப் புத்தகம் கேட்டால் நான் லேசில் விடுவதில்லை. யாருக்கு, உனக்கா, வீட்டில் யாருக்காவதா என்று கேட்டுவிடுகிறேன். பேஜாரு புடிச்ச மேடம் என்று மாணவிகளிடையே எனக்குப் பெயர். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நானும் அண்ணியும் தனியாக இருந்தோம். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தான். மருந்து சொட்டுச்சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டுவிட்டேன்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“எங்கம்மாவுக்கும் இதுதான். எனக்கு வாயில வரல பாப்பா. உங்கண்ணன்கிட்ட சொன்னா கடையை சாத்திட்டு உக்காந்துக்கும், பொண்ணு படிப்பு போயிடும்.”

“யாருக்கும் தெரியாம அந்தத் தடுப்புக்குள்ள உக்காந்து தேடிக்கினு இருந்தீங்களா?”

அண்ணி என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத முகம்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னா கவுண்டர் மிஷின்லயே தேடியிருப்பேனே. அது உனக்கு வராதுன்னு நீதானே சொன்ன. அதான் எழுந்து போயி நாலாம் நம்பர்ல உக்காந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை என் கையாலயே உனக்கு எடுத்துக் குடுத்தேன். நீ கேப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அவர் தண்ணீர் கேட்டார். தம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.